பல்லில் இல்லாத பல்வலி

(வெள்ளவத்தையில் பொதுமக்களுக்காக நிகழ்த்தப்பட்ட மருத்துவச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் திகதி மாலை 6 மணிக்கு இந்த நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் வந்தது. கொழும்பில் மே மாதக் கடைசியில்தான் பகலில் வெளியே நடமாட முடிந்தது. அந்தக் காலத்தைப் பற்றிப் பேசினால் காய்ச்சலைப் பேசுவோம், மூச்சுத்திணறலைப் பேசுவோம், இறந்தவர்களைப் பேசுவோம். இலங்கையில் கொவிட் நோயால் 16 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலருடைய முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க வீட்டாருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவ்வளவு பெரிய துயரத்துக்கு முன்னால் தாடை வலி ஒரு பொருட்டா என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்விதான். என் பதில் இது: கிருமி தொடாத உடம்புகளையும் அந்தக் காலம் சும்மா விடவில்லை. அப்படிப் பட்ட காயங்களில் பல் வைத்தியர்களாகிய எங்கள் கண்ணில் நேரே பட்டது இந்தத் தாடை வலி. இதற்காக ஏராளமானவர்கள் தேவையில்லாமல் பல்லை இழக்கிறார்கள். அதனால்தான் இந்த மாலையில் இதைப் பேச வந்திருக்கிறேன்.

சிகிச்சை நிலையங்கள் மெல்லத் திறந்தபோது வந்தவர்களில் ஒரு சாராரை நான் கவனித்தேன். சொத்தைப் பல் உள்ளவர் வலிக்கிற இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டுவார். இவர்கள் அப்படிக் காட்டவில்லை. உள்ளங்கையைக் கன்னத்தில் முழுவதுமாக வைத்தார்கள். காதுக்கு முன்னாலும் சென்னியிலும் தடவினார்கள். "டொக்டர், இந்தப் பக்கத்துப் பல்லு முழுக்க வலிக்குது. எந்தப் பல்லெண்டு எனக்கே பிடிபடேல்ல. ஏதாவதொண்டைப் பிடுங்கிவிடுங்கோ, நித்திரை கொண்டு கனநாள்." வெள்ளவத்தையில் மாடிவீடு ஒன்றில் தனியே இருந்த ஓர் அம்மா இப்படிச் சொன்னார். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த இளைஞர் ஒருவர், காதுக்குத்து என்று காது வைத்தியரிடம் போய், அங்கே ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகு வந்தார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன். இருவருடைய பற்களிலும் குற்றமில்லை. கன்னத்துத் தசையை விரலால் அழுத்தியபோது இருவரும் துடித்துப்போனார்கள்.

நீங்களும் ஒருமுறை செய்து பாருங்கள். இரண்டு உள்ளங்கைகளையும் கன்னத்தில் வைத்துப் பல்லை இறுக்கிக் கடியுங்கள். கைக்கடியில் புடைத்துக்கொண்டு எழும்புகிறதே, அதுதான் மெல்லும் தசை. கையைச் சென்னிக்கு உயர்த்தி மறுபடி கடியுங்கள். அங்கேயும் ஒன்று அசையும். விரலைக் காது மடலுக்குச் சற்று முன்னால் வைத்து வாயைத் திறந்து மூடினால் உள்ளே ஒரு மூட்டு உருள்வது தெரியும். இடம் ஒன்று, வலம் ஒன்று; ஒன்றை அசைத்து மற்றதைச் சும்மா வைத்திருக்க முடியாது. நடுவே மெல்லிய நார்த்தட்டு ஒன்று இருக்கிறது. அது சற்று விலகியிருந்தால் வாய் திறக்கும்போது 'டக்' என்று சத்தம் கேட்கும். வலியோ இறுக்கமோ இல்லாமல் சத்தம் மட்டும் கேட்டால் அதற்கு வைத்தியமே வேண்டாம். அந்தச் சத்தத்துக்குப் பயந்து பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

இன்னொன்றையும் கேட்கிறேன். நான் பேசிக்கொண்டிருக்கும் இந்தக் கணத்தில் உங்கள் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றனவா? சிரிக்கிறீர்கள். பலர் இப்போதுதான் விடுவித்தீர்கள் என்று நினைக்கிறேன். உதடு மூடியிருந்தாலும் பற்களுக்கிடையே இரண்டு மூன்று மில்லிமீற்றர் இடைவெளி இருப்பதுதான் தாடையின் இயல்பான ஓய்வு. சாப்பிடுவதையும் விழுங்குவதையும் கூட்டிப் பார்த்தாலும் ஒரு நாளில் மேல் கீழ்ப் பற்கள் தொடும் நேரம் 20 நிமிடம் அளவில்தான் வரும் என்பது எங்கள் துறையின் பழைய கணக்கு. மிச்ச இருபத்துமூன்றரை மணி நேரமும் அந்தத் தசைகளுக்கு ஆறுதல் வேண்டும். சாதாரண ஆள் ஒருவர் கடைவாய்ப் பல்லில் முழுவலுவோடு கடித்தால் 50 கிலோவுக்கும் மேற்பட்ட பாரம் விழும். அதில் கால்வாசி வலுவோடு, மணிக்கணக்காக, அறியாமலே கடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? நாள் முழுதும் பாரமான பையைத் தூக்கிக்கொண்டு நின்ற கை போலத் தாடை நோகும்.

அந்த நோவு பல்லில் தெரிவதற்குக் காரணம் நரம்பு. பல், தாடை, மெல்லும் தசை, சென்னி, காதின் முன்புறம் ஆகிய எல்லாவற்றின் உணர்வையும் மூளைக்குக் கொண்டுபோவது ஐந்தாம் மூளை நரம்புதான். பல வாசல்களிலிருந்து வரும் செய்திகள் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் வந்து சேர்வதால், எது எங்கிருந்து வந்தது என்று மூளை தடுமாறிவிடுகிறது. கன்னத்துத் தசையின் ஆழமான பகுதி நொந்தால் அது காதுவலியாகத் தெரியும்; மேற்பகுதி நொந்தால் மேல் கடைவாய்ப் பல் வலிப்பதாகத் தெரியும்; சென்னித் தசை தலைவலியாகவும் முன்பல் வலியாகவும் தெரியும். அந்த அம்மா பொய் சொல்லவில்லை. அவருக்குப் பல் வலித்தது உண்மை. வலியின் மூலம் அங்கே இல்லை என்பதும் உண்மை. அவர் கேட்டபடி ஒரு பல்லைப் பிடுங்கியிருந்தால் வலி அடுத்த பல்லுக்குப் போயிருக்கும். பிறகு அதையும் பிடுங்கச் சொல்லியிருப்பார். ஒரே பக்கத்தில் மூன்று நான்கு நல்ல பற்களை இப்படி இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மிகவும் வருத்தமான காட்சி அது.

எங்கள் துறைக்கும் இதில் ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1934இல் அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் நகரில் ஜேம்ஸ் கொஸ்டன் என்ற காது, மூக்கு, தொண்டை வைத்தியர், காதுவலியும் தாடை வலியுமாக வந்தவர்களை ஆராய்ந்து, கடைவாய்ப் பற்கள் இல்லாததாலும் கடி சரியில்லாததாலும்தான் இந்த வலி வருகிறது என்று எழுதினார். அதன்பின் பல பத்தாண்டுகளாகக் 'கடி சரியில்லை' என்பதே எங்கள் வேதவாக்காக இருந்தது. நல்ல பற்களை அராவினோம், உறை போட்டோம், வாய் முழுவதையும் புதிதாகக் கட்டினோம். பிறகு சிக்காகோவில் டானியல் லாஸ்கின், சார்ள்ஸ் கிரீன் ஆகியோர் வேறு விதமாகச் சிந்தித்தார்கள். இந்த நோயின் களம் பெரும்பாலும் தசை, அதை இறுக்குவது மனச்சுமை என்று 1969இல் லாஸ்கின் எழுதினார். 1976இல் அவர்களுடைய குழு ஒரு சோதனையை வெளியிட்டது. தாடை வலியுள்ள 25 பேருக்குப் பல்லை அராவுவதாகச் சொன்னார்கள், கருவியை வாய்க்குள் விட்டார்கள், சத்தம் கேட்டது, ஆனால் பல்லில் ஒரு துகளும் எடுக்கவில்லை. அந்த 25 பேரில் 16 பேர் வலி முற்றாகவோ அனேகமாகவோ போய்விட்டது என்றார்கள்.

இதைக் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் அவர்களுக்கு வலியே இருக்கவில்லை" என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் வலியோடுதான் வந்தார்கள். தங்கள் சொல்லைக் கேட்டு, தொட்டுப் பார்த்து, 'இது சுகமாகும்' என்று உறுதியாகச் சொன்ன ஒருவர் கிடைத்ததும் இறுகிய தசை இளகியது. அந்த இளக்கத்துக்குப் பல்லை அழிக்கத் தேவையில்லை என்பதுதான் அந்தச் சோதனை காட்டியது. அரை நூற்றாண்டு கழிந்தும் இதை நாங்கள் முழுதாகக் கற்றுக்கொள்ளவில்லை என்பது என் கவலை.

இனித் தொற்றுக் காலத்துக்கு வருகிறேன். 2020 வசந்தத்தில், ஊரடங்கின் நடுவிலேயே, இஸ்ரேலிலும் போலந்திலும் ஒரே நேரத்தில் ஓர் ஆய்வு நடந்தது. 1,800 பேரளவில் இணையவழியாகப் பதில் சொன்னார்கள். கவலையும் மனச்சோர்வும் கூடியிருந்தன. பல் நெறுமுவதும் தாடை வலியும் அவற்றோடு கூடியிருந்தன. பெண்களில் அதிகம், 35 முதல் 55 வயதுக்காரர்களில் அதிகம். அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கம் 2021இன் தொடக்கத்தில் தன் உறுப்பினர்களிடம் கேட்டபோது, பல் நெறுமுவது தங்கள் நோயாளிகளிடையே கூடியிருக்கிறது என்று பத்தில் ஏழு பேர் சொன்னார்கள். வெடித்த பற்களும் நுனி உடைந்த பற்களும் கூடியதாகப் பத்தில் ஆறு பேருக்கு மேல் சொன்னார்கள். இவை தாமாகச் சொன்ன பதில்கள். அளந்து பார்த்த கணக்குகள் அல்ல. ஆனால் தொற்றுக்கு முன்பே அமெரிக்காவில் நான்கு நகரங்களில் தாடை வலி இல்லாத 2,700க்கும் மேற்பட்டோரை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. யாருக்குப் புதிதாகத் தாடை வலி வந்தது என்று பார்த்தார்கள். அவர்களுக்கு வலி வருவதற்கு முன்னமே நித்திரை கெட்டிருந்தது, மனச்சுமை ஏறியிருந்தது. வலி வந்ததால் நித்திரை போனது என்று மட்டும் சொல்ல முடியாது. நித்திரை போன வீட்டுக்குள் வலி நுழைந்தது.

அந்த நித்திரை இங்கே எப்படிப் போனது? வெள்ளவத்தைக்கு ஒரு கதை, கொட்டாஞ்சேனைக்கு ஒரு கதை.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள மாடிவீடுகளில் எத்தனை வயோதிபர்கள் தனியே இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் ரொறன்ரோவில், லண்டனில், சிட்னியில். தொலைபேசி இரவிரவாக அடித்தது. லண்டனில் யார் இறந்தார், மகன் வேலைக்குப் போகிறானா, பேத்திக்குக் காய்ச்சலா என்று கேட்டுவிட்டுப் படுத்தவர்கள் தூங்கவில்லை. பாண் வண்டி வரும், மரக்கறி லொறி வரும் என்று மாடியிலிருந்து எட்டிப் பார்த்தபடி இரண்டு மாதம் கழிந்தது. அவர்களுக்கு நடமாட்டமும் இல்லை, கோயிலும் இல்லை, கதைக்க ஆளும் இல்லை.

கொட்டாஞ்சேனையில் இடமே பிரச்சினை. 'தோட்டம்' என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளில் ஒரே அறைக்குள் ஏழெட்டுப் பேர், வெளியே பொதுக் குழாயும் பொது மலசலகூடமும். துறைமுகத்திலும் புறக்கோட்டையிலும் நாட்கூலிக்குப் போகிறவருக்கு ஊரடங்கு என்றால் அன்றைக்கே உலை வைக்க வழியில்லை. அரசு ஐயாயிரம் ரூபா கொடுத்தது. அது எத்தனை நாளுக்குக் காணும்? மலையகத்திலிருந்து வந்து கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் கடை மூடியதும் ஊருக்கும் போக முடியாமல் அறைகளில் அடைந்து கிடந்தார்கள். பிறகு 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் தொற்றுக் கண்டுபிடிக்கப்பட்டதும் வட கொழும்பு மறுபடி பூட்டப்பட்டது. மட்டக்குளி, முகத்துவாரம், கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனை என்று ஒவ்வொரு பொலிஸ் பிரிவாக மூடப்பட்டு, நகரத்தின் மற்றப் பாகம் திறந்த பிறகும் சில இடங்கள் வாரக்கணக்கில் திறக்கவில்லை. கொவிட்டால் இறந்தவர் எந்தச் சமயத்தவரானாலும் உடலை எரிக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானியில் வந்த விதி, 2021 பெப்ரவரி வரை இருந்தது. அயல் வீட்டு முஸ்லிம் குடும்பங்கள், 'நமக்கு வந்தால் நம் மையித்துக்கு என்ன ஆகும்' என்ற பயத்தையும் சேர்த்துச் சுமந்தார்கள். அடக்கம் செய்வதைப் பாதுகாப்பான முறை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் அப்படி நடந்தது. அது வைத்தியத்துக்கும் அடுக்காத கொடுமை என்றே நான் எண்ணுகிறேன்.

இவை எல்லாம் வெறும் உடம்பில் வந்து விழவில்லை. கொட்டாஞ்சேனை மக்களுக்கு 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலை, கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தில் நடந்த குண்டுவெடிப்பின் காயம் ஆறியிருக்கவில்லை. பதினொரு மாதத்தில் அடுத்த ஊரடங்கு. அதற்கு முன்னே 1983 இனக்கலவரம். அதற்குப் பிறகு பொலிஸ் பதிவு, சுற்றிவளைப்பு, நள்ளிரவுக் கதவுத் தட்டல். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியமுன் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பகுதி லொட்ஜுகளிலிருந்து 300க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் மற்ற ஊர்களுக்கும் அனுப்பினார்கள். அடுத்த நாளே உச்ச நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. 2020இல் தனிமைப்படுத்தல் நிலையங்களை நடத்தியது இராணுவம். தொற்றுள்ளவரோடு பழகியவர்களை ஏற்ற, சீருடைக்காரரோடு ஒரு பஸ் வாசலில் வந்து நின்றபோது, அது நோயைத் தடுக்கத்தான் வந்தது என்று அறிவு சொல்லும். வயிறும் நெஞ்சும் தாடையும் 2007ஐத்தான் நினைக்கும். யாழ்ப்பாணத்து மனநல வைத்தியப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரால் தனி மனிதர் மட்டுமன்றிச் சமூகமே காயப்படுவதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். எங்கள் மக்கள் மனத்துயரை உடல் நோவாகவே வைத்தியரிடம் கொண்டுவருவதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். 'மனம் சரியில்லை' என்று யாரும் எங்களிடம் வருவதில்லை. தலையிடி, நெஞ்செரிவு, பல்லுவலி என்று வருவார்கள். கொஞ்ச நேரம் இருந்து கேட்டால், "ஒரே யோசனை டொக்டர்" என்பார்கள். அந்த மூன்று சொல்லுக்குள் முழு வரலாறும் இருக்கும்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். மனச்சுமையால் வரும் வலி கற்பனை வலி அல்ல. பயம் வந்தால் இதயம் வேகமாக அடிக்கிறது, அது கற்பனையா? அதே நரம்பு மண்டலம்தான் தாடைத் தசையையும் இறுக்குகிறது. நித்திரையில் பல் நெறுமுவதை மொன்றியல் பல்கலைக்கழகத்தில் ஜில் லவீன் குழுவினர் இரவிரவாகப் பதிவு செய்து பார்த்தார்கள். முதலில் உடம்பின் விழிப்பு நரம்புகள் தூண்டப்படுகின்றன, பிறகு மூளை அலை மாறுகிறது, இதயத் துடிப்பு ஏறுகிறது, அதன் பின்னர்தான் தாடை அசையத் தொடங்குகிறது. அதாவது பல் நெறுமுவது கலைந்த நித்திரையின் கடைசிப் படி. இரவில் கோப்பி, மதுபானம், சிகரெட், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் ஆகியவையும் அதைக் கூட்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கொடுத்த வைத்தியரிடம் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகள் நித்திரையில் நெறுமினால் வயிற்றில் பூச்சி என்று பூச்சி மருந்து கொடுப்பது எங்கள் வழக்கம். பூச்சி மருந்தால் கெடுதல் இல்லை, ஆனால் நெறுமுவதற்குக் காரணம் அது அல்ல; அனேகமாக வளர வளரத் தானே நின்றுவிடும்.

மனக்கவலையோடு அதிகம் பிணைந்திருப்பது உண்மையில் இரவு நெறுமுதல் அல்ல. பகலில், சத்தமில்லாமல், பல்லை இறுக்கி வைத்திருப்பது. செய்தி பார்க்கும்போது, கணக்குப் பார்க்கும்போது, பாத்திரம் கழுவும்போது. இது நல்ல செய்தி. இரவில் செய்வதை நம்மால் பிடிக்க முடியாது. பகலில் செய்வதைப் பிடிக்க முடியும்.

எப்படிப் பிடிப்பது? ஒரு ஞாபகக் குறி வேண்டும். வெள்ளவத்தைக்காரருக்கு நான் சொல்வது கரையோர ரெயில். ரெயில் சத்தம் கேட்கும் ஒவ்வொரு தடவையும் உங்கள் பல் தொட்டிருக்கிறதா என்று பாருங்கள். கொட்டாஞ்சேனைக்காரருக்குக் கோயில் மணி இருக்கிறது, துறைமுகத்துக் கப்பலின் சங்கு இருக்கிறது. தொட்டிருந்தால் உதட்டை மூடியபடியே பல்லை விடுவியுங்கள். 'ன்' என்று சொல்லும்போது நாக்கு நிற்கும் இடத்தில் நாக்கை மெல்ல வையுங்கள். அந்த நிலையில் பல்லைக் கடிப்பது கடினம். தோளையும் இறக்கிவிட்டு ஒரு மூச்சு விடுங்கள். இரண்டு மூன்று வாரம் இதைச் செய்தவர்களில் கணிசமானோர் வேறு வைத்தியமே இல்லாமல் தேறுவதைப் பார்க்கிறேன். வலி கூடிய நாட்களில் சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கன்னத்தில் கால் மணி நேரம் வையுங்கள். இடியப்பமும் சொதியும், கஞ்சி, குழைந்த சோறு போதும். முறுக்கு, கச்சான், கரும்பு, சூயிங்கம் வேண்டாம். கொட்டாவி வந்தால் நாடிக்குக் கீழே கையைக் கொடுத்துக்கொள்ளுங்கள். பனடோல் போடலாம், வளர்ந்தவர் ஒரு நாளைக்கு எட்டு வில்லைக்கு மேல் போடக்கூடாது. ஈரல் நோய் உள்ளவரும் மதுபானம் எடுப்பவரும் அந்த எட்டும் போடக்கூடாது, கேட்டுப் போடுங்கள்.

2023 கடைசியில் பிரித்தானிய மருத்துவ இதழில் சர்வதேச நிபுணர் குழு ஒன்று, நாட்பட்ட தாடை வலிக்கு எது பயன், எது பயனில்லை என்று சான்றுகளை எடைபோட்டு ஒரு வழிகாட்டலை வெளியிட்டது. அவர்கள் உறுதியாகப் பரிந்துரைத்தவை: எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் மனநலச் சிகிச்சை, தாடைப் பயிற்சி, பயிற்சி பெற்றவர் கையால் செய்யும் தசைச் சிகிச்சை, நோயைப் பற்றி விளக்கிச் சொல்லி ஆறுதல் கொடுப்பது. உறுதியாக வேண்டாம் என்றவற்றில், பற்களின் கடியை நிரந்தரமாக மாற்றிவிடும் பல் கவசமும் மூட்டுத்தட்டை வெட்டி எடுக்கும் சத்திரசிகிச்சையும் இருக்கின்றன. கழற்றிப் போடக்கூடிய இரவுக் கவசத்துக்குக்கூட வலியைப் பொறுத்தவரை அவர்கள் பெரிய ஆதரவு காட்டவில்லை. பல் தேய்ந்து வெடிப்பவருக்கு அது பல்லைக் காக்கும். அதற்காக நானும் கொடுக்கிறேன். வலி போகும் என்று வாக்குக் கொடுத்து விற்பது சரியல்ல.

மலிவான வைத்தியங்கள்தான் நல்ல வைத்தியங்களாக இருக்கின்றன. அவற்றுக்கு வேண்டியது நேரம். ஒரு பல்லைப் பிடுங்கப் பத்து நிமிடம் போதும். "வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், எப்போதிருந்து நித்திரை இல்லை" என்று கேட்க அரை மணி வேண்டும். வோட் பிளேசில் தேசியப் பல் வைத்தியசாலை வாசலில் விடிய நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு, அந்த அரை மணி எவ்வளவு அரிது என்று தெரியும். அங்கே இருக்கும் வைத்தியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொற்றின் போது நிலைமை இன்னும் மோசம். எங்கள் கருவிகள் எச்சிலைப் புகையாகக் கிளப்புபவை என்பதால், அவசரமில்லாத பல் சிகிச்சைகளைத் தள்ளிவைக்கலாம் என்று 2020 ஆகஸ்டில் உலக சுகாதார நிறுவனமே சொன்னது. இங்கும் அவசரத்துக்கு மட்டும் என்ற நிலை. வலி கூடிய காலமும் கதவு மூடிய காலமும் ஒன்றாக வந்தன. 2022இல் எரிவாயு வரிசை, பெற்றோல் வரிசை, பதின்மூன்று மணி நேர மின்வெட்டு, மருந்துத் தட்டுப்பாடு என்று வந்தபோது அதே முகங்கள் அதே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி வந்தன.

இவ்வளவையும் சொன்ன நான் எதிர்ப்பக்கத்தையும் சொல்லாவிட்டால் உங்களுக்குத் தீங்கு செய்தவனாவேன். தாடையில் நோவதெல்லாம் மனச்சுமை அல்ல. நடக்கும்போது, படி ஏறும்போது கீழ்த்தாடையில் இறுக்கம் வந்து, நெஞ்சில் அழுத்தமோ வியர்வையோ மூச்சுவாங்கலோ சேர்ந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். பல் வைத்தியரைத் தேடாமல் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தலையிடி வந்து, சென்னி தொட நொந்து, மெல்லும்போது தாடை வலித்து, பார்வையும் மங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பிந்தினால் கண்பார்வை போய்விடும். வீக்கமும் காய்ச்சலும் சேர்ந்தால் அது கிருமி.

நம் ஊருக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு, அதுதான் என்னை அதிகம் பயமுறுத்துவது. வாய் திறக்கக் கஷ்டம் என்று வருபவர் வெற்றிலை பாக்குப் போடுபவராக இருந்தால், நான் மனச்சுமையைப் பற்றி யோசிக்குமுன் கன்னத்தின் உட்புறத்தைத் தடவிப் பார்ப்பேன். பாக்கு, கன்னத்தின் உட்தோலை நார்பிடிக்க வைத்து வாயை இறுக்கும். முதலில் காரம் சாப்பிட்டால் எரியும். பிறகு தோல் வெளிறும். பிறகு திறப்பு குறைந்துகொண்டே வரும். அந்த நிலையிலுள்ள வாயில் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம். இலங்கை ஆண்களிடையே முதலிடத்தில் இருப்பது வாய்ப்புற்றுநோய்தான். துறைமுகத்திலும் சந்தையிலும் பாரம் தூக்குகிறவர்கள் பசியையும் களைப்பையும் மறக்க வெற்றிலை போடுகிறார்கள். ஊரடங்கில் வேலையில்லாமல் இருந்தவர்கள் யோசனையை மறக்க இன்னும் அதிகமாகப் போட்டார்கள். உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கிடையே வைத்துப் பாருங்கள். நுழைய வேண்டும். நுழையாவிட்டாலும், இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ வெள்ளைப் படையோ சிவப்புப் படையோ இருந்தாலும், பனடோல் போட்டுக் காலம் கடத்தாமல் அரசாங்கப் பல் வைத்தியசாலைக்கு வாருங்கள். அங்கே பரிசோதனைக்குப் பணம் வேண்டாம்.

மனம் தாங்காத நாட்களில் 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல நிறுவனத்தின் ஆலோசனை கிடைக்கும். தாடை வலிக்காக அழைக்கலாமா என்று தயங்காதீர்கள். நித்திரை வரவில்லை, ஒரே யோசனை என்று சொல்லித் தொடங்கினால் போதும்.

இங்கே சுகாதாரத் துறையில் வேலை செய்பவர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த தொற்று வரும்போது, டெங்கோ வேறெதுவோ, சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம் ஒட்டும் அறிவித்தலில் கை கழுவுவதோடு தாடையைப் பற்றியும் நான்கு வரி இருக்கட்டும்: பல்லைத் தொடாமல் வைத்திருங்கள், கன்னத்துக்குச் சூடு கொடுங்கள், மென்மையாகச் சாப்பிடுங்கள், நல்ல பல்லைப் பிடுங்கக் கேட்காதீர்கள். மாடிவீடுகளின் லிப்டிலும் தோட்டங்களின் பொதுக் குழாயடியிலும் அது ஒட்டப்பட வேண்டும். பல் வைத்தியசாலைகள் மூடியிருக்கும் காலத்தில் ஒரு தொலைபேசி இலக்கம் திறந்திருக்க வேண்டும். எந்த வலி காத்திருக்கலாம், எது காத்திருக்கக்கூடாது என்று பிரித்துச் சொல்ல ஒரு பல் வைத்தியர் போதும். அந்த அறிவித்தலும் அந்தக் குரலும் முதல் நாளிலேயே தமிழிலும் வரவேண்டும். சிங்களத்தில் முதலில் வந்து தமிழில் பிந்தி வருவதற்குள் என்னென்ன நடக்கும் என்பது 2020ஐக் கொட்டாஞ்சேனையில் கழித்தவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.